இரண்டாவது கியரின் மறுபக்கம்

பழைய வண்டியோடு வால்பாறையில் குடியிருக்கிறேன் என்று சொன்னால், கீழே இருக்கிற நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நாற்பது கொண்டை ஊசி வளைவும் இழுக்குதா?" என்பதுதான். இழுக்கும். நல்ல நிலையில் வைத்திருந்தால் டிவிஎஸ் 50கூட நிதானமாக ஏறிவிடும். இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மலையில் வண்டி வைத்திருப்பவனுக்கு இறக்கம்தான் பெரிய பரீட்சை.

அட்டகட்டியிலிருந்து ஆழியாறு வரைக்கும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது. பழைய டிரம் பிரேக் நாலைந்து வளைவிலேயே சூடேறிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். அதனால் இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை மூடி, எஞ்சினையே பிரேக்காக வைத்துத்தான் இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்குத் தாவினால்? வண்டி சட்டென்று லேசாகிறது. எஞ்சின் சத்தம் அடங்கிப்போகிறது. எதிரே பஸ் திரும்புகிறது.

என்னுடையது காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350. எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்த மாமா ஓட்டியது. எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி என்று இருக்கிற பழைய அமைப்பு. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அதில் இரண்டாவது கியர் இப்படிக் கழலத் தொடங்கியது. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. எவ்வளவு முறுக்கினாலும் நிற்கும். இறக்கத்தில் மட்டும் கழலும்.

இந்த 'இறக்கத்தில் மட்டும்' என்பதில்தான் முழு நோயும் இருக்கிறது. கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்துத்தான் சுற்றுகின்றன. நாம் கியர் மாற்றும்போது நகர்வது சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கிற தடித்த கட்டைப்பற்கள். மெக்கானிக்குகள் 'டாக்' என்பார்கள். ஒரு சக்கரத்தின் டாக் இன்னொன்றின் டாக்கோடு மாட்டிக்கொண்டால் கியர் விழுந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு டாக்குக்கும் இரண்டு முகம். எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும்போது ஒரு முகம் அழுந்துகிறது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது மறுமுகம் அழுந்துகிறது. சமவெளியில் ஓடுகிற வண்டிக்கு முதல் முகம்தான் பெரும்பாலும் தேயும். வால்பாறை வண்டிக்கு இரண்டும் தேயும். முனை மழுங்கி உருண்டுபோன டாக், சுமை ஏறியதும் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொள்கிறது. ஆகவே, ஏற்றத்தில் கழன்றால் ஒரு முகம், இறக்கத்தில் கழன்றால் மறுமுகம். பெட்டியைத் திறக்காமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் உடனே பெட்டியைத் திறக்கக்கூடாது. புல்லட்டின் பழைய நான்கு கியர் பெட்டியில், கால் கியரின் அசைவைக் கட்டுப்படுத்த நீள்துளை போட்ட ஒரு தகடு உண்டு. அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் தகட்டை இப்படியும் அப்படியும் கொஞ்சம் நகர்த்தலாம். தகடு இடம் மாறியிருந்தால் கியர் முழுதாக விழாது. பாதி டாக்தான் மாட்டியிருக்கும். நிறைய பேர் இதைப் பார்க்காமலேயே பெட்டியை உடைத்துப் புது கியர் வாங்குகிறார்கள். என் வண்டியில் தகட்டைச் சரிசெய்த பிறகும் கழன்றது. அதன் பிறகுதான் திறந்தேன்.

உள்ளே பார்த்ததில் ஒரு விஷயம் மனதை உறுத்தியது. இரண்டாவது கியர் அத்தனை பழையது இல்லை. மாமா காலத்திலேயே ஏதோ ஒரு கடையில் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த கியரை நகர்த்துகிற செலக்டர் ஃபோர்க்கை மாற்றவில்லை. அதன் இரண்டு கைகளும் பளபளவென்று தேய்ந்து மெலிந்திருந்தன. மெலிந்த ஃபோர்க் கியரை முழுத்தூரம் தள்ளாது. முழுத்தூரம் போகாத டாக் நுனியில் மட்டும் மாட்டி நிற்கும். நுனியில் மாட்டிய டாக் சீக்கிரம் உருண்டுபோகும். ஆக, முதலில் கெட்டது ஃபோர்க். மாற்றியது கியரை. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மாற்றியதால் அதே நோய் திரும்பி வந்திருக்கிறது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். ஃபேக்டரியில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற சி.டி.சி. ரோலர்கள் உண்டு. அதன் பற்கள் மழுங்கினால் இலை சரியாக வெட்டுப்படாது, தூளின் தரம் இறங்கிவிடும். அதனால் இத்தனை மணி நேரம் ஓடியதும் கழற்றி லேத்தில் ஏற்றிப் பல் தீட்டுவார்கள். இந்த மலையில் பல தலைமுறை ஃபிட்டர்கள் அந்த ரோலர்களில்தான் கை பழகினார்கள். தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது. பெரியப்பா எப்போதும் சொல்வது ஒன்றுதான். "மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருடா. அளக்காம மாத்துனா வண்டி ஓடும். ஆனா என்ன கெட்டுச்சுன்னு உனக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

இந்தக் கொங்குச் சீமையில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்து ஆரம்பித்த ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. 1893இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிப்போனார். கோவையில் ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்தார். 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த காரியம், அதை முழுக்கப் பிரித்து மறுபடி பூட்டியது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே பஸ் ஓட்டினார். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானதிலும் அவர் கை இருந்தது. பள்ளிக்கூடம் சொல்லித்தராததை ஒரு ரட்ஜ் எஞ்சின் அவருக்குச் சொல்லித்தந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பம்ப்செட், ஃபவுண்டரி, லேத் பட்டறை என்று கோயம்புத்தூர் இன்றைக்கு எதைச் செய்தாலும், அதன் அடியில் இந்தப் 'பிரித்துப் பார்ப்போம்' என்கிற துணிச்சல் இருக்கிறது.

வீட்டில் செய்ய முடிந்த வேலை எது, பட்டறைக்குப் போக வேண்டியது எது என்பதில் தெளிவு வேண்டும். கியர் பெட்டியை வீட்டிலேயே முழுக்கச் செய்யலாம். ஹெட்டை இறக்கலாம், வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைக்கலாம், பாயிண்ட், கிளட்ச், செயின் எல்லாம் பார்க்கலாம். சிலிண்டர் போர் அடிப்பதும், கனெக்டிங் ராடு மாற்றி கிராங்கை நேர்படுத்துவதும் வீட்டில் முடியாது. அதற்கு மலை இறங்கித்தான் ஆக வேண்டும்.

சிலிண்டர் தேய்வது ஒரே சீராக இருக்காது. மேலே, ரிங் ஏறித் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே விரல் நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டும். அதோடு, பிஸ்டன் முன்னும் பின்னும் சாய்ந்து அழுந்துவதால் வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகிவிடும். போர் கேஜ் இல்லாதவர்கள் ஒரு எளிய வழி செய்யலாம். புது ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். மேலே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு. மூன்றும் மாறினால் சிலிண்டர் கூம்பாகிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட சிலிண்டரில் வெறும் ரிங் மட்டும் மாற்றிப் பூட்டுவது காசுக்குப் பிடித்த கேடு.

என் புல்லட்டின் சிலிண்டரும் தேய்ந்திருந்தது. கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்கு என் பெரியப்பாவோடு அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கிருந்த பெரியவர் சிலிண்டரை வாங்கிப் பார்க்கவே இல்லை. "ஏனுங் தம்பி, சிலிண்டர மட்டும் கொண்டாந்தா எப்புடிங்? பிஸ்டன எங்கீங்க? பிஸ்டன அளந்துதானுங்க போர் அடிக்கோணும்" என்றார். புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினால் அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிற கணக்கில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பிஸ்டன் வரும். டப்பாவில் இருபது என்று அச்சிட்டிருந்தாலும் கையில் இருக்கிற பிஸ்டன் சரியாக அந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு எத்தனை இடைவெளி விட வேண்டுமோ அத்தனை விட்டுக் கடைவார்கள். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிகிற அளவு, வார்ப்பிரும்புச் சிலிண்டர் விரிவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பஸ்ஸுக்குப் பின்னால் காற்றே இல்லாமல் முதல் கியரில் ஊர்ந்து ஏறுகிற நம் சாலையில், இடைவெளி குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெரியவரிடம் 'மலை வண்டி' என்று சொன்னோம். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் எத்தனை வருஷ அனுபவம் இருந்திருக்கும்!

கிராங்குக்கும் அதே கவனம். ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், ஆட வேண்டும். மேலும் கீழும் ஒரு துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாது. இருந்தால் ராடின் அடிமுனை பேரிங், அதாவது பிக் எண்ட், போய்விட்டது.

ஆயில் ஒழுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்' என்று ஒரு பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் கிராங்க் பெட்டிக்குள் காற்று அழுந்துகிறது. அதை வெளியே விட்டு, திரும்பி உள்ளே வராமல் தடுக்க, வாத்து அலகு மாதிரி ஒரு சின்ன ரப்பர் மூச்சுக்குழல் இருக்கிறது. அது காய்ந்து இறுகினாலோ கிழிந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு பலவீனமோ அந்த வழியாக ஆயில் வெளியேறும். இதைக் கவனிக்காமல் பேக்கிங் மேல் பேக்கிங்காக மாற்றி, அதற்கு மேல் அனாபாண்டைக் குழைத்துக் குழைத்துப் பூசுகிறார்கள். பிதுங்குகிற பசை வெளியே மட்டும் பிதுங்குவதில்லை, உள்ளேயும் பிதுங்குகிறது. அது உடைந்து ஆயில் துவாரத்தில் போய் அடைத்தால், ஒழுக்கு நின்ற சந்தோஷத்தில் இருக்கும்போதே பிக் எண்ட் காய்ந்து போகும். இரண்டு முகத்தையும் கண்ணாடி மேல் எமரி தாளை விரித்து மட்டமாகத் தேய்த்து, நல்ல பேக்கிங் போட்டு, மெல்லிய பூச்சோடு பூட்டினால் போதும்.

ஆயில் பம்பு பக்கமும் அப்படித்தான். புல்லட்டில் ஆயிலை அனுப்ப ஒன்று, திரும்ப இழுக்க ஒன்று என இரண்டு பம்பு. இழுக்கிற பம்பு அனுப்புகிற பம்பைவிடப் பெரியது. கிராங்க் முனையில் இருக்கிற வார்ம் நட் இவற்றை ஓட்டுகிறது. அந்த நட்டுக்கு இடது மரை. கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு முனையை முறித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பம்பின் வட்டத்தகடு சரியாக உட்காராவிட்டால், ராத்திரியெல்லாம் ஆயில் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகைமூட்டம். உடனே 'பிஸ்டன் போச்சு' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தகட்டை நைஸ் பேஸ்ட்டில் தேய்த்து மட்டமாக்கினாலே பல வண்டிகளின் காலைப்புகை நின்றுவிடும்.

எங்கள் ஊரின் ஈரம் தனிக்கதை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பிரித்துப் போட்ட பேரிங்கில் ஓரிரு நாளில் துரு பூத்துவிடும். கழற்றிய சாமானைக் கழுவித் துடைத்து, அன்றைக்கே ஆயில் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். மழைக்காலம் முழுக்க நிறுத்தப்போகிற வண்டி என்றால், பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் விட்டு, மெதுவாகச் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்திவையுங்கள். பக்கத்து எஸ்டேட் டிவிஷன் வரைக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் ஆயில் பால் நிறத்துக்கு மாறும். எஞ்சின் முழுச்சூடு ஏறாததால் உள்ளே குளிர்ந்து படிகிற நீர் அது. பயப்பட வேண்டாம், ஆனால் மாற்ற வேண்டும். பேரிங் உட்காரவைக்க அலுமினியக் கூட்டைச் சூடாக்குவோம் இல்லையா, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று தெறிக்கிற சூட்டுக்கு? இங்கே குளிரில் அது நொடியில் ஆறிவிடும். பேரிங்கைக் கையிலேயே வைத்திருந்து சட்டென்று இறக்கிவிட வேண்டும். இன்னொன்று, இருட்டிய பிறகு வாசலில் உட்கார்ந்து வேலை செய்கிற ஆசையை விட்டுவிடுவது நல்லது. யானை நடமாட்டத்தைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 3,500 அடியில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பொள்ளாச்சியில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும், பிளக் கரி பிடிக்கும். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்கும் இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யெஸ்டி, ராஜ்தூத் மாதிரி பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டிகளில், பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு எஞ்சின் பிரேக்கில் இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் ஆயில் துளிதான் கிடைக்கும். பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஸ்வீடனின் சாப் நிறுவனம் தன்னுடைய டூ ஸ்ட்ரோக் கார்களில், ஆக்ஸிலேட்டரை விட்டால் சக்கரம் எஞ்சினைச் சுற்றாமல் தனியே உருளும் ஃப்ரீவீல் ஏற்பாட்டை வைத்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். நம் வண்டியில் அது கிடையாது. ஆகவே வளைவுக்கு வளைவு கிளட்சைப் பிடித்து, ஒருமுறை ஆக்ஸிலேட்டரை முறுக்கி எஞ்சினுக்கு ஆயில் காட்டிவிட்டு இறங்குங்கள்.

புது பிஸ்டன் போட்ட என் புல்லட்டை நேராக மலையில் ஓட்டவில்லை. பொள்ளாச்சியில் சொந்தக்காரர் வீட்டில் வைத்துப் பூட்டி, உடுமலை ரோட்டில் நாற்பது, ஐம்பதுக்கு மேல் போகாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினேன். ரிங் படிந்து, முதல் ஆயிலை வடித்துப் பார்த்து, அதில் மின்னுகிற தூள் குறைந்த பிறகுதான் மேலே கொண்டுவந்தேன். அதுவும் செக்போஸ்ட் திறந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒன்பதாம் வளைவு லோம்ஸ் வியூவில் நிறுத்தி ஆறவைத்து, கவர்க்கல் பனிமூட்டத்துக்குள் மெதுவாக.

கியர் பெட்டிக்குப் புது ஃபோர்க்கும், கோவை உக்கடத்துப் பழைய இரும்புக்கடையில் தேடிப் பிடித்த ஒரு நல்ல இரண்டாவது கியரும் போட்டேன். பழைய கடைச் சாமான் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. டாக்கின் முனை கூர்மையாக இருக்கிறதா, பல்லில் குழி விழாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினால், இன்றைக்கு வருகிற சில போலிச் சாமான்களைவிட அந்த இரும்பு எவ்வளவோ மேல். கிராங்க் பெட்டியை மட்டும் அப்படி மாற்றிவிடாதீர்கள். எஞ்சின் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது. பதினைந்து வருஷம் கழிந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது நம்பர் ஒத்துப்போக வேண்டும்.

இப்போது மேஜையில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் யெஸ்டி எஞ்சின் இருக்கிறது. யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடிய பிறகும் இந்த வண்டிகள் மலையில் நின்றுவிடவில்லை. நோய், வெள்ளைப் புகை. கூடவே கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போய், கிராங்க் பெட்டி கியர் ஆயிலை உறிஞ்சுகிறது என்று தெரிகிறது. மேக்னட் பக்கத்து சீல் போயிருந்தால் புகை வராது. காற்று உள்ளே போய், ஐட்லிங் தானாக ஏறியிருக்கும். சீலைக் கழற்றிப் பார்த்தபோது, அது உரசுகிற இடத்தில் ஷாஃப்டிலேயே ஒரு வரி குழிந்திருக்கிறது. புது சீல் போட்டாலும் அந்த வரியில் நிற்காது. அடுத்து பொள்ளாச்சிக்குப் போகும்போது லேத்துக்காரரிடம் ஷாஃப்டைக் காட்டி, மெல்லிய ஸ்லீவ் ஏற்ற முடியுமா, இல்லை சீலை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி உட்காரவைக்க இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆழத்தை அளந்து தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.